கப்பல் காத்திருக்காது

"பணத்தைத் திருப்பி வாங்கிட்டு நிம்மதியா..."

"எது நிம்மதி? கிளம்பாம இருக்கறதா?"

"முழுசாக் கேளுங்க சம்பந்தி. ரத்தான வண்டிய நம்பி..."

"வண்டி இல்ல, கப்பல். மூணு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன், கப்பல்."

"எதுவா இருந்தா என்ன? ஒரு தடவை ரத்தானது மறுபடியும் ரத்தாகும். பஸ் டிப்போவுல எத்தனை பார்த்திருக்கேன். இது மண்குதிரைய நம்பி ஆத்துல இறங்கற கதை."

"ஆறு இல்ல, கடல்" என்றாள் தையல்காரம்மா. சிரிக்காமல்தான் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் டைம்கீப்பரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மேஜையில் துறைமுகங்களின் வரைபடங்கள் பரப்பிக் கிடந்தன. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒன்றின் மேல் மூக்குக்கண்ணாடிக் கூடும், இன்னொன்றின் மேல் டீ ஆறிப்போன டம்ளரும், மூன்றாவதன் மேல் தையல்காரம்மாவின் கையும் இருந்தன. அந்தக் கை மட்டும் ஆரம்பத்திலிருந்து அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

காலையில் கப்பல் கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. கப்பலின் இயந்திரத்தில் பழுது, பயணம் ரத்து, மிகவும் வருந்துகிறோம். கரை இறங்கிச் சுற்றிப் பார்க்கக் கட்டியதும் சேர்த்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் அடுத்த மாதம் கிளம்புகிற வேறொரு கப்பலில் இதே மாதிரி அறை தருவார்கள். இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். ஓர் அறைக்கு ஒரு பதிவு, ஒரு பதிவுக்கு ஒரே பதில். ஒருத்தி பணம், ஒருத்தி கப்பல் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்க முடியாது.

அந்த ஓர் அறைக்கே ஒரு கதை உண்டு. டைம்கீப்பரம்மாவின் மகனுக்கும் தையல்காரம்மாவின் மகளுக்கும் கல்யாணமாகி நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் சம்பந்திகள் இருவரும் சம்பந்திகளாகத்தான் இருந்தார்கள். "சௌக்கியமா?" "சௌக்கியம். நீங்க?" அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடினால் யாராவது குறை கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இருவருக்கும் பயம். இரண்டு பேருக்கும் கணவர் இல்லை, இரண்டு பேரும் தனி வீடு. பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ, இருவரையும் ஒரே அறையில் போட்டுக் கப்பலுக்குப் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னார்கள். சம்பந்தி வேண்டாம் என்று சொல்வாள், நாம் ஏன் முந்திக்கொண்டு பொல்லாதவளாவது என்று டைம்கீப்பரம்மா சரி என்றாள். அதே கணக்கைப் போட்டுத் தையல்காரம்மாவும் சரி என்றாள். இப்படியாகத்தானே இரண்டு பேருக்கும் கப்பல் ஏறும் ஆசை வந்தது.

கரையில் இறங்கி என்ன பார்ப்பது என்று பேசத்தான் தையல்காரம்மா முதல் தடவை தனியாக இந்த வீட்டுக்கு வந்தாள். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் என்று ஆனது, பிறகு கடையைச் சாத்தியதும் நேரே இங்கேதான். துறைமுகங்கள் என்னவோ நான்குதான். நான்கு துறைமுகத்தைப் பேச மூன்று மாதம் பிடித்தது. நடுநடுவே மருமகள் சமையலும் மருமகன் கோபமும், செத்துப்போன இரண்டு ஆண்களின் குறட்டையும்கூடப் பேசப்பட்டன.

"அப்ப உங்க முடிவு என்ன?" என்றாள் தையல்காரம்மா.

டைம்கீப்பரம்மாவின் கண் பால்கனிப் பக்கம் போயிருந்தது. "பதினேழாம் நம்பர் பஸ் இன்னும் எடுக்கல பாருங்க. நேரம் தாண்டிப் போச்சு."

"சம்பந்தி."

"சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு."

பஸ்களை நேரத்துக்குக் கிளப்பிவிடும் டைம்கீப்பர் வேலையில் இருந்தபோதே டிப்போவுக்கு எதிரில் பார்த்து வாங்கிய வீடு அது. பால்கனியில் நின்றால் எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பணியில் இருந்தபோது யாருக்காகவும் அவள் ஒரு வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. கையில் குழந்தையோடு ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, "நேரமாச்சு, எடு" என்பாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நேரமாச்சம்மா. அவளுக்கும் அது தெரியும், அதில் ஒரு பெருமையும் உண்டு. ஒருத்தருக்காக நின்றால் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேருக்குத் துரோகம். அதுதான் அவள் வேதம்.

அந்த வேதப்படிதான் கரைத் திட்டங்களையும் போட்டிருந்தாள். கப்பல் ஒரு துறைமுகத்தில் பகல் முழுக்க நின்றது என்றால், இவர்கள் கம்பெனிச் சுற்றுலாவோடு இறங்கி இரண்டு தெரு நடந்து, ஒரு கட்டிடத்தைப் பார்த்து, மத்தியானத்துக்கு முன்னால் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

"மிச்ச நேரம்?" என்று அன்றைக்கே கேட்டிருந்தாள் தையல்காரம்மா.

"கப்பலுக்குப் பக்கத்துல உக்காந்திருப்போம்."

"கப்பல் எங்கயும் போயிடாம காவலுக்கா?"

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். இன்றைக்கு அதே பேச்சு வேறு முகத்தோடு வந்தது.

"உங்களுக்கு ரத்தானது காரணம் இல்ல" என்றாள் தையல்காரம்மா. "கரையில எறங்கறதுக்கு பயம். இறங்கினா கப்பல் விட்டுட்டுப் போயிடும்னு பயம். கம்பெனிக்காரன் ரத்து பண்ணினதும் உங்களுக்குத்தான் முதல்ல மூச்சு வந்திருக்கும்."

காலையில் செய்தியைப் படித்ததும் டைம்கீப்பரம்மாவுக்குத் தோள்பட்டை தளர்ந்து இறங்கியது உண்மைதான். இவளுக்கு எப்படித் தெரிந்தது? அளவெடுத்தே பழகிய கண் போலிருக்கிறது.

"பயமெல்லாம் இல்ல" என்றாள். "கம்பெனிச் சுற்றுலாவுல போனா கப்பல் காத்திருக்கும். தனியாப் போனா காத்திருக்காது. அது அவங்க சட்டம். நாம எல்லாத்துக்கும் கம்பெனிச் சுற்றுலாதானே எடுத்திருக்கோம், அப்புறம் என்ன பயம்?"

தையல்காரம்மா மூன்றாவது வரைபடத்தின் மேலிருந்த கையை எடுத்தாள். துறைமுகத்திலிருந்து வெகு தள்ளி, ஊரின் மறுகோடியில் நீலப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருந்தது. டைம்கீப்பரம்மா போட்ட வட்டமல்ல.

"இங்க நான் கம்பெனியோட கண்ணாடிப் படகுச் சவாரிக்கு வரல. தனியாப் போறேன்."

"தனியாவா? எங்க?"

"பாய்மரக் கப்பலுக்குப் பாய் தைக்கிற பட்டறை. ஒரு பொம்பளதான் நடத்தறா. போன்லயே மொழி மாத்தி மாத்திப் பேசினோம். அவ ஊசி நம்ம விரல் நீளம். விரலுக்குப் போடற உறையெல்லாம் பத்தாதாம், உள்ளங்கை முழுக்கத் தோல் பட்டை கட்டிக்கிட்டுதான் தள்ளணுமாம். போட்டோ அனுப்பியிருக்கா." சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்தது. "நானும் நாப்பது வருஷமா பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறேன். வருஷம் முடிஞ்சா கிழிஞ்சு போகும், இல்ல பிள்ள வளந்துரும். வாங்க, ஒரு வரிசை நீங்க தையல் போடுங்க, அது கடல்ல போகட்டும்னு சொன்னா அவ. வரேன்னு சொல்லிட்டேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கை எடுத்த வரைபடத்தின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"எப்பலேந்து இது?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா தினம் இங்க வந்து உக்காந்து பேசறீங்க. என்கிட்ட சொல்லல."

"சொன்னா நேரம் போட்டுடுவீங்க" என்றாள் தையல்காரம்மா. "போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், தைக்கக் கால் மணி நேரம், வேணாம் விடுங்கன்னு முடிச்சிருப்பீங்க. மனசுக்குள்ள இருக்கற வரைக்குமாவது அது என்னோடதா இருக்கட்டும்னு விட்டேன்."

பொய் என்று சொல்ல வாயெடுத்தாள் டைம்கீப்பரம்மா. ஆனால் அவள் மனம் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது. காலைச் செய்திப்படி புதிய கப்பல் அதே துறைமுகத்தில் நிற்கிறது, ஆனால் பாதி நேரம்தான். போக, வர, சாலை நெரிசல். ஆகாது. நிச்சயம் ஆகாது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். தையல்காரம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரி சம்பந்தி. பணத்தையே வாங்கிக்கலாம். நீங்களே சொல்லிடுங்க."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. பதினேழு போயிடும், வரேன்."

வாசல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. சண்டைக்கு நின்றவள் சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டால், ஜெயித்தவளுக்கு அந்த ஜெயிப்பை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. நாளைக்கு எதைப் பேச வருவாள்? வருவாளா? மறுபடியும் சௌக்கியமா, சௌக்கியம்தானா? மேஜையைப் பார்த்தாள் டைம்கீப்பரம்மா. பிறகு சுவரோரம் சார்ஜில் கிடந்த போனை அப்படியே எடுத்துக் கம்பெனி எண்ணை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல், காலையிலிருந்து திட்டு வாங்கிக் களைத்த குரல்.

"பணம் திருப்பி வேணும்" என்றாள் டைம்கீப்பரம்மா. சொன்ன பிறகு, "இரும்மா" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கரையில எறங்கித் தனியா ஒரு எடத்துக்குப் போறோம். வர நேரமாயிடுது. கப்பல் காத்திருக்குமா?"

"காத்திருக்காதும்மா."

சுற்றி வளைக்காத பதில். டைம்கீப்பரம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. "ரெண்டு பொம்பளைங்க. வயசானவங்க."

"யாரா இருந்தாலும் காத்திருக்காதும்மா. உள்ள ஆயிரம் பேர் இருப்பாங்களே."

"அது நியாயம்" என்றாள், தன்னையறியாமல். "அப்புறம் அவங்க கதி?"

"எதும்மா கதி? துறைமுகத்துல நம்ம ஆள் இருப்பாரு, வழி சொல்லுவாரு. பஸ்ஸோ ரயிலோ பிடிச்சு அடுத்த துறைமுகத்துல வந்து ஏறிக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் வந்து ஏறுவாங்க. செலவு மட்டும் அவங்களோடது."

அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கலாம். டைம்கீப்பரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். வண்டியைத் தவறவிட்டவர்களின் முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். வண்டி வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்று பார்ப்பார்கள், பிறகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்வார்கள். அவள் பார்த்தது அதுவரைதான். அதற்கப்புறம் அவர்கள் எங்கே போனார்கள், எந்த நிறுத்தத்தில் எதைப் பிடித்து ஏறினார்கள், வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. எல்லாரும் போய்த்தானே சேர்ந்திருப்பார்கள்.

"பணம் போட்டுடட்டுமாம்மா?" என்றது குரல். "பதிவுல இன்னொருத்தர் பேரும் இருக்கு. அவங்க வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லணும். பக்கத்துல இருக்காங்களா?"

"இப்பதான் போறாங்க" என்று வயர் எட்டிய வரைக்கும் பால்கனிப் பக்கம் வந்தாள். கீழே பதினேழு இன்னும் எடுக்காமல் நின்றிருந்தது. கூட்டத்தில் தையல்காரம்மாவின் பை மட்டும் தெரிந்தது, அதுவும் ஏறி உள்ளே போய்விட்டது. டிரைவர் பீடியை அணைத்துவிட்டுத் தன் இடத்தில் ஏறிக்கொண்டிருந்தான். "நான் அப்புறம் கூப்பிடட்டுமா?"

"வெச்சுட்டீங்கன்னா மறுபடி வரிசையில கடைசிலேந்து வரணும்மா. நாங்களும் மூடற நேரம். நான் லைன்லயே இருக்கேன், பேசிட்டு வாங்க."

டைம்கீப்பரம்மா போனைச் சார்ஜரோடு சுவரிலிருந்து பிடுங்கினாள். மாடிப்படியில் அவள் அவ்வளவு வேகமாக இறங்கி வருடங்கள் ஆகியிருக்கும். வயர் பின்னாலேயே வந்து படிக்குப் படி தட்டியது. தெருவைக் கடக்கும்போது எஞ்சின் உறுமியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான்.

"நிறுத்து" என்றாள்.

வண்டி நகர்ந்தது.

"ஏய், நிறுத்துடா. நிறுத்துன்னா நிறுத்தணும்."

குரலைக் கேட்டதும் டிரைவரின் கால் தானாக பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும். வண்டி குலுங்கி நின்றது, உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்தான். விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது.

"யாரு, நேரமாச்சம்மாவா? நீங்களா நிறுத்தச் சொல்றது?"

"நான்தான். ஒரு நிமிஷம்."

"எங்கப்பன் சாவுக்குப் போறேன்னு சொன்னப்பகூட ஒரு நிமிஷம் தரலையே நீங்க."

"உங்கப்பன் இன்னும் உயிரோடதான் இருக்கான், நேத்துகூடப் பார்த்தேன். தையல்காரம்மாவ வரச் சொல்லு."

உள்ளே யாரோ சிரித்தார்கள், யாரோ வீட்டுக்கு நேரமாகிறது என்று சலித்துக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரம்மா வாசலுக்கு வந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் வண்டிக்குள். மூச்சு வாங்க நின்ற சம்பந்தியையும், அவள் முழங்காலில் இடித்து ஆடிக்கொண்டிருந்த வயரையும் பார்த்தாள்.

"என்ன ஆச்சு சம்பந்தி? யாருக்காவது உடம்பு...?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்" என்றாள் டைம்கீப்பரம்மா. "மிச்சத்துல எவ்வளவு தைக்க முடியுமோ தைங்க. நான் வாசல்ல நின்னு நேரமாச்சுன்னு சொல்ல மாட்டேன். உள்ள வந்து உக்காந்திருக்கேன்." போனை வாயருகே கொண்டுபோனாள். "இருக்கியாம்மா? பணம் வேணாம். நாங்க அந்தக் கப்பல்லயே வர்றோம்."

"சரிங்கம்மா. இன்னொரு அம்மா என்ன சொல்றாங்க?"

டைம்கீப்பரம்மா கையை நீட்டிப் போனை உயர்த்திப் பிடித்தாள். எஞ்சின் நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் வரிசையாக முகங்கள் எட்டிப் பார்த்தன. கண்டக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தையல்காரம்மா போனைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை பார்த்தாள், பிறகு சம்பந்தியைப் பார்த்தாள்.

"அங்க அந்தக் கப்பலையும் இப்படி ஓடி வந்து நிறுத்துவீங்களா, சம்பந்தி?"