மதலேன் பிள்ளைக்குச் சளி பிடித்த வாரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இண்டூரில் பஸ் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தருமபுரி போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

(பொய். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. சொந்தக் கதையைச் சொல்லக் கூசுகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒருவரைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது வழக்கம். ஐந்தாம் பகுதி வரைக்கும் அவர் உட்கார்ந்திருக்கட்டும், தொந்தரவு இல்லாத ஆள்.)

நடந்தது 1983 ஜனவரி முதல் வாரம். இது 1988. நடுவில் ஏழு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். ஒன்று இப்படி: 'மார்கழிப் பனி ஊரையே போர்த்தியிருந்த அந்தக் காலை வேளையில் ஒரு தாயின்...'

வேண்டாம். பனி யாரையும் போர்த்தாது. நடுங்கத்தான் வைக்கும்.

இன்னொன்று: 'குழந்தை இருமியது.' இது தேவலாம்.

2

குழந்தை இருமியது. செவ்வாய்க்கிழமை காலை. பிறந்து முப்பத்தாறு நாளான பெண் குழந்தை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போதுதான் பெயர் வைப்பார்கள். அதுவரைக்கும் பாப்பா.

தாய் மதலேனம்மாள் பதறவில்லை. கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சாற்றை நாக்கில் தொட்டு வைத்தாள். தேங்காயெண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவினாள். மூக்கடைத்துக்கொண்டு பால் குடிக்கத் திணறிய பிள்ளையை மடியில் நிமிர்த்தியே வைத்துக்கொண்டு தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை இருமல் தொண்டையிலிருந்து இறங்கி நெஞ்சுக்குள் போய்விட்டது. புருஷன் சவுரியப்பன் கிணறு வெட்டும் வேலைக்குப் போகாமல் நின்று, இண்டூர் வரை நடந்துபோய் ஒரு தந்தி கொடுத்துவிட்டு வந்தான். 'குழந்தைக்குச் சுகமில்லை. உடனே புறப்படு.' தந்தி போனது பெங்களூருக்கு, மதலேனின் தம்பி ஞானராஜுக்கு. அவன் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பிள்ளைக்குத் தாய்மாமன், அதனால் ஞானத்தகப்பனும் அவன்தான். வெள்ளை உடுப்பு வாங்கிக்கொண்டு வந்து, சாமியார் தண்ணீர் ஊற்றும்போது அவன்தான் பிள்ளையை ஏந்த வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது.

வியாழக்கிழமை ஊருக்கு வந்த நர்ஸம்மா பிள்ளையின் துணியை விலக்கி, கொஞ்ச நேரம் நெஞ்சையே பார்த்தார்.

"உள்ளாற இழுக்குது பாருங்க. இது சாதாச் சளி இல்ல. இன்னைக்கே தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருங்க."

"சரிங்க" என்றாள் மதலேன்.

போகவில்லை.

3

இந்த இடத்தில் உங்களுக்கு மதலேன் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஒரு பிரதியில் அவளை விவரம் தெரியாதவளாக்கினேன், இன்னொன்றில் சவுரியப்பனைக் குடிகாரனாக்கினேன். இரண்டும் அநியாயம். அவன் குடிக்கமாட்டான். அவளுக்கு எல்லா விவரமும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பதாம் நாள், ஞானஸ்நானம் ஆகாமலே போய்விட்டான். அப்படிப் போகிற பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வேலிகாத்தான் முள்ளுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கல்லறைத் திருநாளில் ஊரே உள்ளே மெழுகுவத்தி ஏற்ற, அவள் மட்டும் வெளியே ஒன்றை ஏற்றுவாள். காற்றில் அது நிற்காது. திரும்பத் திரும்ப ஏற்றுவாள்.

அதனால்தான் தண்ணீர் ஊற்றாமல் இந்தப் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

பக்கத்து வீட்டு ராமக்காள் வந்து சத்தம் போட்டாள்.

"ஏண்டி மதலேனு, எங்க புள்ளைங்களுக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டா பஸ்ஸு ஏத்துறோம்? எந்திரிடி, நானும் வர்றேன்."

"உங்க சுடுகாட்டுக்குச் செவுரு இல்லக்கா. எங்களுக்கு இருக்குது."

ராமக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

(அடிக்குறிப்பு: ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், மந்திரத்தைச் சரியாகச் சொன்னால் போதும். மதலேனுக்கு அது மனப்பாடம். வியாழன் காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் அவள் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் வீட்டில் ஊற்றும் தண்ணீருக்கு அந்த ஊரில் ஓர் அர்த்தம் உண்டு: இந்தப் பிள்ளை பிழைக்காது. ஊற்றியது தெரிந்தால் பெண்கள் கடைசியாக முகம் பார்க்க வந்துவிடுவார்கள். அவள் டம்ளரைத் தொடவே இல்லை.)

4

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பூசைக்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். சவுரியப்பன் அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தான். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இப்பவே குடுத்துடலாம்மா. தண்ணி கொண்டா. புள்ளய வேற யாராச்சும் புடிக்கட்டும்."

"தந்தி குடுத்திருக்குதுங்க சாமி. எந்தம்பி இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவான். அவன் கையில வெச்சுக் குடுங்க சாமி, சாயங்காலம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்காவது போம்மா."

"அவன் வரட்டும் சாமி."

அவளுடைய கணக்கு எனக்குப் புரிகிறது. தாய்மாமன் ஏந்தினால், வெள்ளை உடுப்பு போட்டால், அது திருநாள். அவசரமாக, அடுப்படியில், யாரோ பிடிக்க ஊற்றினால் அது சாவுத் தண்ணீர். அவள் பிள்ளைக்குத் திருநாள் கேட்டாள். அவ்வளவுதான்.

சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்குப் போனார். இண்டூருக்குப் பதினொரு மணி பஸ் வந்தது. ஒரு மணி பஸ், மூன்று மணி பஸ். ஞானராஜ் எதிலும் இல்லை. அவன் என்ன செய்வான், பாவம். ஃபோர்மேன் லீவு கொடுக்கவில்லை.

5

ஃபோர்மேன் லீவு கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலமே தந்தி கிடைத்தது. ஃபோர்மேன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹோகப்பா, மகு முக்யா" என்று, போப்பா, குழந்தைதான் முக்கியம் என்று கன்னடத்தில் சொல்லித் தோளைத் தட்டி அனுப்பினார். வியாழன் காலையில் சேலம் போகிற வண்டி இருந்தது. ஞானராஜ் ஏறியிருந்தால் மத்தியானத்துக்குள் பிள்ளையை ஏந்தியிருக்கலாம்.

பக்கத்து சீட்டுக்காரர் இறங்கலாம். ஞானராஜ் நான்தான்.

ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும். கதை எல்லாம் முடிந்திருந்தது, முடிவு மட்டும் சரியாக வரவில்லை. பிள்ளைக்குச் சளிதானே, எந்தப் பிள்ளைக்குத்தான் சளி பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழன் முழுக்க நாலு முடிவு எழுதினேன். ஐந்தாவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்தது. அது நல்ல முடிவு என்று அப்போது நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தேன். தபாலில் போட்டுவிட்டு, கடைத்தெருவில் வெள்ளை உடுப்பு வாங்கினேன்.

(அந்தக் கதையில் ஒரு தாய் வருவாள். நன்றாகவே அழுவாள். நான் இணைத்திருந்த தபால்தலையிலேயே கதை திரும்பி வந்தது.)

6

சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. உடுப்பை வாங்கி அங்கேயே பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். தொளதொளவென்று இருந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சாமியாரைத் தேட நேரமில்லை, இண்டூருக்கு ஓடினோம்.

பஸ்ஸில் பாதி வழியில் அக்கா என்னிடம் தண்ணீர் கேட்டாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, மூன்று தடவை நெற்றியில் ஊற்றினாள். மந்திரத்தில் ஒரு வார்த்தை பிசகவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே "ரோசம்மாள்" என்றாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார். "நேத்து கொண்டு வந்திருந்தா..." என்றார்.

ரோசம்மாளைச் சுவருக்கு உள்ளேதான் புதைத்தோம்.

"ஏண்டா தம்பி லேட்டு?" என்று அக்கா கேட்டது அதற்கு அப்புறம்தான்.

"லீவு குடுக்கலக்கா."

நம்பிவிட்டாள். இந்த ஐந்து வருஷமாக, நான் போகும்போதெல்லாம் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள்: "சாமி கேட்டப்பவே குடுத்திருக்கணும். நாந்தான்டா எம்புள்ளையக் கொன்னுட்டேன்." நானும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருவேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

வேறு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் ஞானராஜ் வியாழனே வந்துவிடுகிறான், சாமியாரை அழைத்து வருகிறான், அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி, ஊசி, பத்து நாள் தங்கல். ரோசம்மாள் இப்போது ஒன்றாம் வகுப்பு, சிலேட்டை உடைத்துவிட்டு அடி வாங்குகிறாள். இரண்டு பக்கம் நன்றாக வந்தது. கிழித்துப் போட்டேன். அதில் நான் நல்லவனாக இருந்தேன்.

7

இந்தப் பகுதியை அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் ஆறு பகுதிகளும் அவள் கையில் இருக்கின்றன. கன்னியர் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவள், விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். முதல் பகுதியில், "யாருடா அந்த பஸ்ஸுக்காரன்?" என்று சிரித்தாள். மூன்றில் ரொம்ப நேரம் நின்றாள். நான்கின் கடைசியில் ஃபோர்மேன் வந்ததும், ஆமாம் என்று தலையாட்டினாள்.

இப்போது ஐந்தாம் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். என் கையெழுத்து அதில் ரொம்ப மோசம்.

"ஒண்ணும் வெளங்கலடா. நீயே படிச்சுச் சொல்லு."

தாள் என் கைக்கு வந்துவிட்டது. நான் எதைப் படித்தாலும் அதுதான் எழுதியிருக்கிறது என்று நம்புவாள். என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன படித்தேன் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிவுக்காக இரண்டு நாள் உட்கார்ந்தவன் நான், இன்னொன்று எழுதமாட்டேன்.

"படிடா" என்கிறாள் அக்கா.