சொறியாத கை

எங்கள் வீட்டில் சொறியாத ஆள் நான் ஒருத்திதான். தங்கை லவீனா இடுப்பைச் சொறிந்தாள். அவள் புருஷன் ஜெனிஸ் விரல் இடுக்குகளை இரத்தம் வரும்வரை சொறிந்தான். அவர்களின் மூன்று மாதப் பெண் குழந்தையோ சொறியவும் தெரியாமல் கிடந்து கத்தியது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறவளுக்கு இதெல்லாம் வராது என்று குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஜெனிஸ்தான். கடலுக்குப் போகிறவன், படகில் நாலு பேரோடு ஒரே போர்வைக்குள் கிடக்கிறவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஓடியவன் மீது எனக்கு முன்பே கோபம் இருந்தது.

“உன்னாலைதான் எல்லாருக்கும் தொத்தினது. இனிப் பிள்ளையைத் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்று கொழும்புத்துறையிலுள்ள தாய் வீட்டுக்கு அவனைத் துரத்தினேன். அவன் பிள்ளையை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனான். லவீனா அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முன்பே கிளினிக்கில் பூச்சு மருந்து தந்து, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்றிருந்தார்கள். அவர்கள் மூவரும் பூசினார்கள். சொறியே இல்லாத நான் ஏன் மருந்தை வீணாக்க வேண்டும்? கொஞ்ச நாள் அடங்கிய சொறி, முன்னதைவிட மோசமாகத் திரும்பி வந்தது. ஜெனிஸ் போன பிறகும் குறையவில்லை. நான் தினமும் இரண்டு தரம் குழந்தையை மடியில் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அவன் போன மூன்றாம் வாரம் பிள்ளையின் உள்ளங்கால்களில் சீழ் கட்டி, உடம்பு அனலாகக் கொதித்தது. லவீனா சோர்ந்து விழுந்து கிடந்தாள். நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செய்தி கேட்டு வந்த ஜெனிஸ் வெளியே தூரத்தில் நின்றான்.

தோல் டொக்டர் இளம்பெண். குழந்தையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“வீட்டிலை எல்லாரும் மருந்து பூசினவையோ?”

“சொறியிற ஆக்கள் எல்லாரும் பூசினவை.”

“சொறியாத ஆர் இருக்கினம்?”

“நான்தான்” என்றேன் பெருமையாக.

“பிள்ளையை ஆர் குளிப்பாட்டுறது?”

“அதுவும் நான்தான்.”

“கையைக் காட்டுங்கோ, அக்கா.”

பத்து வருடம் இறால் உரித்த கைகள். ஒரு வருடமாக விரல்களுக்கிடையே தோல் தடித்து, நகங்களைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. உப்புத் தண்ணீரின் வேலை என்றே இருந்தேன். டொக்டர் உறை போட்டுக்கொண்டு அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, நுண்காட்டியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னாள். ஒன்றிரண்டல்ல, சொறியைக் கொடுக்கும் பூச்சிகள் கூட்டமாக இருந்தன. கால்கள் அசைந்தன.

“என்ன மருந்துக் குளிசை போடுறீங்கள்?”

“மூட்டு வருத்தத்துக்கு. பத்து நாளைக்கெண்டு ஒருக்கா எழுதித் தந்த மருந்துத் துண்டு. நல்ல சுகம். அதையே காட்டிக் காட்டி ரெண்டு வருசமா வாங்கிறன்.”

பெயரைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அது ஸ்டீரொய்ட். பூச்சியோடை உடம்பு சண்டை பிடிச்சால்தான் சொறியும். அந்தக் குளிசை உங்கடை உடம்பின்ரை எதிர்ப்பை அமத்திப்போட்டுது. சொறியிற ஆக்களிலை பத்துப் பதினைஞ்சு பூச்சிதான் இருக்கும். உங்களிலை ஆயிரக்கணக்கா இருக்கு. எல்லாருக்கும் உங்களிட்டை இருந்துதான் போயிருக்கு.”

அவள் மேலும் பேசினாள். என்னை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்து வைத்தியம் செய்ய வேண்டும், விழுங்கும் மருந்தும் பூச்சும் சேர்த்துத் தந்தால் மாறும், குளிசையை நானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, பிள்ளைக்கும் சுகமாகும் என்றாள். ஆனால் அதுவரை பிள்ளையை நான் தொடக்கூடாதாம்.

பிள்ளை என் மடியில் கிடந்தாள். என் கை அவள் முதுகில் இருந்தது. எடுத்தால் அவள் விழுந்துவிடுவாள்.

“ஜெனிஸ்! ஓடி வா, பிள்ளையைப் பிடி!” என்று கத்தினேன்.

வாசல் வரை ஓடி வந்தவன் அங்கேயே நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேண்டாம் ஸ்ரெல்லா அக்கா. என்னாலை அவளுக்குச் சொறி இன்னும் கூடிப்போகும். நீங்களே வைச்சிருங்கோ.”

“உன்னாலை இல்லையடா. என்னாலைதான் வந்தது. எல்லாம் என்னாலைதான்.”

“என்னைத் தேற்றுறதுக்காக அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா” என்றான் ஜெனிஸ், கைகளை முன்னால் எடுக்காமலே.