ஐஸில் வைக்காத குப்பி

என் ஓரகத்திக்கு இந்த ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செய்தேன்.

எங்கள் வேலை புற்றுநோய்க்கு மருந்து தேடுவது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க மெல்லிய குழல்கள் வேண்டும். டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் கோத்துக்கொண்டுதான் அந்தக் குழல்கள் உண்டாகின்றன. மருந்து போய் டியூபுலினில் ஒட்டிக்கொண்டால் குழல் எழும்பாது. செல் பிரிய முடியாமல் திணறிச் சாகும். சோதனை எளிது. டியூபுலினை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் குழல்கள் உண்டாகிக் கரைசல் கலங்கும், திரையில் கோடு ஏறும். மருந்து வேலை செய்தால் கரைசல் தெளிவாகவே இருக்கும், கோடு படுத்துக் கிடக்கும்.

பதினோரு வருஷமாக நான் எதைப் போட்டாலும் கோடு ஏறியது. வந்து இரண்டு வருஷம் ஆகாதவளுக்குத் திங்கட்கிழமை படுத்துவிட்டது.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன், அசையவே இல்ல!" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். திரையில் ஒரே கோடுதான். அவசரத்தில் மருந்து போட்டதை மட்டும் ஓட்டியிருந்தாள். மருந்து போடாததை இன்னும் ஓட்டவில்லை.

"நல்லது" என்றேன். வயிறு எரிந்தது.

அன்று சாப்பிடும்போது மாமியார் வேறு ஆரம்பித்தார். "சின்னவ மருந்தே கண்டுபிடிச்சிட்டாளாமே. நீயும்தான் இத்தனை வருஷமா போய்ட்டு வர்ற." என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொழுந்தனார் முகமெல்லாம் பல்.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வெள்ளிக்கிழமை ஒரு டியூபுலின் குப்பியை எடுத்து, மேலே தேதி எழுதி மேசையில் வைத்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். போட்டது போட்டபடி ஓடினேன். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. குப்பி ஐஸ் இல்லாமல் அப்படியே கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் உறைபெட்டியில் சொருகிவிட்டேன். அப்படிக் கிடந்த டியூபுலின் செத்துப்போகும். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் அது குழலாகாது. இன்று அவள் மேசையில் இருந்த குப்பியில் என் கையெழுத்தைப் பார்த்தேனே!

ஆக, அவள் மருந்து ஒன்றும் கிழிக்கவில்லை. எனக்குப் பாத்திரம் கழுவுவதில்கூட அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னால் காட்டப்போகிறாள், அங்கே எல்லார் நடுவிலும் அசிங்கப்படட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் எனக்கு முன்னால் வந்து, எனக்குப் பின்னால் கிளம்பினாள். அதிகம் பேசவில்லை. தலைக்கனம் என்று நினைத்தேன். இருந்தாலும் தினமும் நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் நான் எதிர்பார்த்ததையே கேட்டார். "மருந்து போடாததைக் காட்டும்மா."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் அடுத்த படத்தைப் போட்டாள். மருந்து போடாத கோடு விறுவிறுவென்று ஏறியிருந்தது. பக்கத்திலேயே மருந்து போட்டது படுத்துக் கிடந்தது. "புதுக் குப்பி எடுத்து மூணு தடவை செஞ்சேன் சார். மூணு தடவையும் இப்படித்தான்."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு, "அது சரி, ஒரு குப்பியைத் தூக்கிப் போட்டிருக்கியாமே?" என்றார்.

"கெட்டுப்போச்சு சார். ஐஸ்ல வைக்காம மறந்துட்டேன். என் தப்புதான்."

"படிச்சவ செய்யிற வேலையா இது? கிடைக்காத பொருள், இப்படியா பாழாக்குறது?" எல்லார் எதிரிலும் அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் அவளை நிறுத்தினேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"செவ்வாய்க்கிழமை மருந்து போடாமலும் ஓட்டிப் பார்த்தேன், ஏறல. குப்பி செத்துப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுது. மேல உங்க கையெழுத்து. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஓடுனீங்களே, அன்னைக்குத் தேதி." என் தோளைத் தொட்டாள். "அது வெளிய கிடந்ததே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா என்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்களாக்கா?"

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

அப்போதும் எனக்கு வயிறுதான் எரிந்தது. மருந்தில் முந்தியது போதாதா, இதிலுமா இவள் என்னை முந்த வேண்டும்?