விழுந்தவர் எழுந்தாரா

மழைக்காலம் வந்துவிட்டால் வானொலி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவுக்கு வேலை இருக்காது. மைதானமெல்லாம் குளமாகிவிடும். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறு வரை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். அந்த வருடம் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள் இரண்டு பேரை ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் என்ன? நிஜத்தில் நடக்காதுதான். ஆனால் வர்ணனையாளர் வாயில் நடக்கும், கேட்பவர் காதில் நடக்கும்.

ஒருவர் பாறை. பட்டம் வென்று ஐம்பது வருடம் ஆகிறது. அடித்தால் நகர மாட்டார் என்பதால் அந்தப் பெயர். மற்றவர் சாட்டை. அவருடைய இடது கை எப்போது வந்தது, எப்போது போனது என்று எதிரே நின்றவருக்கே தெரியாது. பாறை ஓய்வு பெற்றுக் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிய வருடம் சாட்டை பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

அறிவிப்பு வந்ததும் வீட்டுக்கு வீடு சண்டை மூண்டது. அந்தக் காலத்து ஆட்கள் பதினைந்து ரவுண்டு நின்றவர்கள், இப்போதைய ஆட்களுக்கு ஐந்தாவதிலேயே நாக்குத் தள்ளிவிடும் என்று அப்பாக்கள் நிலையத்துக்கு எழுதினார்கள். பாறை திரும்பிப் பார்ப்பதற்குள் சாட்டை நாலு குத்து விட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவார் என்று பிள்ளைகள் எழுதினார்கள்.

வர்ணனையாளர் முப்பது வருடமாக மைக்கின் முன் உட்காருபவர். உட்காரும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, கடவுளே, இந்த நாக்கால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொள்வார். நேர்மையான மனிதர். எடை, கை நீளம், பழைய பதிவுகள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நான்கு நாள் யோசித்தார். புள்ளிக் கணக்கில் சாட்டைதான் ஜெயிப்பார் என்று பட்டது.

வியாழக்கிழமை ஒரு பெண் அவரைத் தேடி வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். உடுப்பை மாற்றாமல் அப்படியே வந்திருந்தாள். பாறையின் மகள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது என்றாள். வாங்கிய அடியெல்லாம் இப்போதுதான் தலையில் வேலை செய்கிறது. நேற்று நடந்தது, முந்தாநாள் நடந்தது, எதுவும் சரியாகத் தங்குவதில்லை. ஆனால் ரேடியோ மட்டும் விடாமல் கேட்பார்.

“ஜெயிக்க வைங்கன்னு கேக்கல சார். கீழ விழ வெச்சிராதீங்க. அவ்வளவுதான்.”

அவள் கேட்டது கையளவு. ஆனால் வர்ணனையாளருக்கு மனது இளகிவிட்டது. இளகிய மனது சில நேரம் அளவு பார்க்காது. சாட்டை ஜெயிப்பதாக எழுதி வைத்திருந்த தாள்களை அன்றே கிழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சண்டை அமர்க்களமாக நடந்தது. ஒலிப் பிரிவுக்காரர் நனைத்த தோல் மெத்தை ஒன்றை மரச் சுத்தியலால் அடித்து அடித்துக் குத்துச் சத்தம் கொடுத்தார். “இதுல நிஜமா அடி வாங்குறது இந்த மெத்தை மட்டும்தான்” என்று இடைவேளையில் முணுமுணுத்தார். பதினோராவது ரவுண்டில் பாறையின் வலது கை இறங்கியது. சாட்டை சாய்ந்தார். வர்ணனையாளர் தன்னை மறந்துவிட்டார். கண் சொருகுவதைச் சொன்னார், கால் துடிப்பதைச் சொன்னார், நடுவர் எண்ணுவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டு, ஒன்பது, பத்து. அந்த இடத்தில் மணி ஆறு அடித்தது. செய்திகள் தொடங்கிவிட்டன.

திங்கட்கிழமை காலை நிலையத்துத் தொலைபேசியில் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா ராத்திரியிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல சார். அந்த ஆள எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கன்னு கேட்டுட்டே இருக்காரு.”

வர்ணனையாளருக்கு அப்போதுதான் உறைத்தது. குத்துச்சண்டை வர்ணனையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு முறை உண்டு. விழுந்தவர் எழுந்துவிட்டார், மூலையில் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லாமல் மைக்கை விடக் கூடாது. வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பது விழுந்தவரின் தாயாக இருக்கலாம். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதை மறந்ததில்லை. இந்தத் தடவை சாட்டையைத் தரையிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மதியமே அந்த வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு வற்றியிருந்தாலும் மணிக்கட்டு இன்னும் உலக்கை மாதிரி இருந்தது.

சாட்டைக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார், அது வெறும் கற்பனை என்று வர்ணனையாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்தார்.

“நீதானப்பா சொன்ன, பத்து எண்ணியும் எந்திரிக்கலன்னு. உன் குரல் எனக்குத் தெரியாதா?”

சொன்னது அவர்தானே.

மகள் வர்ணனையாளரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னாள். பட்டம் வென்ற அன்று பாறையை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போனது. கீழே கிடந்தவரைத் திரும்பிப் பார்க்க யாரும் விடவில்லை. மறுநாள் விடியற்காலை ரயில். அந்த மனிதருக்கு ஒரு கண் போயிற்று என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போகவில்லை. பிறகு அந்த மனிதரும் இறந்துவிட்டார்.

“எல்லாத்தையும் மறந்துட்டாரு சார். இத மட்டும் மறக்க மாட்டேங்கிறாரு.”

அங்கிருந்து வர்ணனையாளர் நேராகச் சாட்டை இப்போது நடத்தும் டயர் கடைக்குப் போனார். சாட்டை ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிலும் தோள் வாசலை அடைத்தது. முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. காலையிலிருந்து வந்தவன் போனவனெல்லாம், “என்ன சாட்டை, பதினோராவது ரவுண்டுல அசந்து தூங்கிட்டீங்களாமே?” என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

“நாப்பத்தேழு பேரோட நின்னிருக்கேன். தோத்திருக்கேன், இல்லங்கல. ஆனா ஒரு தடவகூட என் முதுகு தரையத் தொட்டதில்ல. அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அதையும் எடுத்துட்டீங்க” என்றார்.

வர்ணனையாளர் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். தன்மேல்தான் தப்பு என்றார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். வயதான மனிதர் பட்டினி கிடக்கிறார். நீங்கள் நேரில் வந்து நின்றால்தான் நம்புவார்.

“வந்து என்ன சொல்றது? நீங்க அடிச்சீங்க, நான் விழுந்தேன்னா? என் வாயாலயா?”

“ஆமா.”

சாட்டை தொட்டிக்குத் திரும்பினார். ஒரு குமிழி வந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் பாறையிடம் அடி வாங்கி விழுந்த மனிதருக்கு ஒரு கண் போனதையும், பாறை கடைசி வரை பார்க்கப் போகாததையும் வர்ணனையாளர் அப்போதுதான் சொன்னார். சாட்டை ட்யூபைத் துடைத்து ஆணியில் மாட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு கடையைப் பூட்டினார்.

பெரியவர் அவரை வாசலில் பார்த்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிட்டே வந்து தாடையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தி இடம் வலமாக நகர்த்தினார். சாட்டையின் கண்கள் அந்த விரலோடு போயின.

“ரெண்டு கண்ணும் தெரியுதா?”

“தெரியுதுங்கய்யா.”

“வலிக்குதா தம்பி?”

இல்லை என்றால் நம்ப மாட்டார் என்பது அந்தத் தொழிலில் இருந்தவருக்குத்தானே தெரியும்.

“வலிக்குதுங்கய்யா. நல்லா விழுந்தேன். பத்துக்குள்ள எந்திரிக்க முடியல. அப்புறம் எந்திரிச்சு நானே நடந்து போயிட்டேன்.”

பெரியவர் சாட்டையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பார்க்க வராமல் போனதற்கு மன்னித்துக்கொள் என்றார். சாட்டை தலையை ஆட்டினார். யாருக்காக அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டார் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. மகள் தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். பெரியவர் சாப்பிட்டார்.

அத்தோடு முடிந்தது என்று வர்ணனையாளர் கடவுளுக்கு நன்றி சொன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடியும் தொலைபேசி. சாட்டை வந்து போனது பெரியவருக்கு நினைவில்லை. அவர் மனதில் விழுந்தவர் விழுந்தபடியே கிடக்கிறார்.

இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் வர்ணனையாளர் டயர் கடைக்குப் போனார். சாட்டை முழுவதையும் கேட்டார். “ஒரு தடவ விழுந்தவனுக்கு ரெண்டாவது தடவ என்ன வெக்கம்?” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் அந்த மூன்று மாடியும் ஏறினார். தினமும் தாடையைக் கொடுத்தார், விரலைப் பின்தொடர்ந்தார், வலிக்குது என்றார், மன்னிப்பை வாங்கிக்கொண்டார். முதல் சில நாள் வர்ணனையாளர் கூடப் போனார். பிறகு, “நீங்க எதுக்கு சார் வேலையக் கெடுத்துக்கிறீங்க, விழுறவன் நான்தானே” என்று சாட்டை தடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, விழுந்தவர் எழுந்துவிட்டார் என்று வர்ணனையாளர் ஒலிபரப்பில் சொன்னார். அதைப் பெரியவர் கேட்டார், மறந்தார். கடையில் யாராவது கிண்டல் செய்தால் சாட்டை இப்போதெல்லாம், “ஆமா, விழுந்தேன். சரியான அடி” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இருபத்தாறாவது நாள் வர்ணனையாளரும் போயிருந்தார். பெரியவரே கதவைத் திறந்தார். அன்று கையைப் பார்க்கவில்லை, தாடையைத் தொடவில்லை. முகம் தெளிந்து, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர் போல இருந்தார்.

“யாருப்பா நீங்க?” என்றார்.

சாட்டை ஒரு கணம் வர்ணனையாளரைப் பார்த்தார். மறக்காமல் இருந்த அந்த ஒன்றையும் பெரியவர் மறந்துவிட்டார்; அந்த வீட்டில் சாட்டை செய்ய வேண்டியது முடிந்திருந்தது.

“இங்க டயர் கடை வெச்சிருக்கேங்கய்யா.”

“அப்படியா. சாப்பிட்டாச்சா?”

“இன்னும் இல்லைங்கய்யா” என்று சொல்லிவிட்டுச் சாட்டை உள்ளே போய், பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.