மூக்கனின் வயிற்றில் அடைபட்டது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் மனைவி அமிர்தத்தினுடையது. "காதலப் பத்தியே எழுதிக்கினு இருக்கீங்களே, குசுவப் பத்தி ஒண்ணு எழுதுங்க பாக்கலாம்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'கல்வராயன் மலைமேல் மேகங்கள் தவழ்ந்து…'

அமிர்தம் எட்டிப் பார்த்தாள். "ஆளு வயிறு உப்பிக் கெடக்கறாரு. நீங்க மேகத்தப் பாத்துக்கினு இருக்கீங்க."

(அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

3

1987. இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மலையில் சாமை விதைக்கும் மூக்கனுக்கு அப்போதுதான் குடல் முறுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

குடல் மறுபடி வேலை செய்கிறதென்றால் காற்று பிரிய வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அமிர்தம் அவர் உதட்டை ஈரப்பஞ்சால் துடைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், தோளில் தாங்கி நடத்துவாள்.

"காத்து பிரிஞ்சுதாண்ணா?"

"இல்லீங்க."

மூன்று நாள் ஆகியும் இதே பதில்; வயிறு உப்பிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் பிரியாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும், அதற்குப் புதுச்சேரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். எந்த வழியாகக் கொண்டுபோவது?

4

அமிர்தம் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். உள்ளே கடமுடவென்று நல்ல சத்தம். குடல் விழித்துக்கொண்டுவிட்டது. பிறகு ஏன்?

மூக்கனின் கண் போன பக்கம் பார்த்தாள். கால்மாட்டில் மாமியார் தைலம்மாள். மகள் கைக்குழந்தைக்காரி என்பதால் துணைக்கு வந்தவர், பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். மாமியார் எதிரில் இருமக்கூட யோசிக்கிற ஆள் மூக்கன். அடக்கிக்கொண்டிருக்கிறார்!

[மாமியார் மரியாதை பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அமிர்தம் கிழித்துவிட்டாள்.]

"அம்மா, கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"மாப்ள இப்பிடிக் கெடக்கறப்போ எங்கம்மா போவேன்? இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்."

பாசம்தான் அந்த மனுஷனைக் கொன்றுகொண்டிருந்தது. அமிர்தம் வேறு வழியின்றித் தைலம்மாளின் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

5

முடிவு ஒன்று: தைலம்மாள் கண்ணீரோடு வெளியேறினார், கதவுக்குப் பின்னால்…

"பொய்" என்றாள் அமிர்தம்.

முடிவு இரண்டு, அவள் பார்த்தது: தைலம்மாள் எழுந்து நின்றார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். முகத்தை மூடிக்கொள்ளவில்லை அவர்.

"காலைல தின்ன மல்லாட்ட [வேர்க்கடலை]. இன்னா பாக்கறீங்க மாப்ள? எனக்கே வெக்கம் இல்ல, உங்களுக்கு இன்னா?"

மூக்கன் தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தார். அப்புறம்…

"அத எழுதாதீங்க" என்கிறாள் அமிர்தம். "அந்த மனுஷன் அவ்ளோ கூச்சப்படறவரு."

சாயங்காலம் அவர் தண்ணீர் குடித்தார் என்பதை மட்டும் சொல்ல அனுமதி. நடுவில் நடந்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அமிர்தமும் கொஞ்சம் வெளியே இருக்கிறோம்.