ஆறு பேரின் சத்தியம்

வயலின் கோடியில் எட்டு மாடுகளையும் திருப்புவதற்குள் லெயோவிங்குக்கு மூச்சு வாங்கியது. அந்தக் களிமண் ஈரத்தில் பிசினாக ஒட்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். கலப்பையின் முன்னால் நிற்கும் இரும்புக் கத்தி மண்ணைக் கீற வேண்டும், கொழு அடியில் அறுக்க வேண்டும், பக்கப் பலகை அதைப் புரட்டிப் போட வேண்டும். நாலு ஜோடி இல்லாமல் கலப்பை நகராது. நாலு ஜோடியைத் திருப்புவது பெரும்பாடு என்பதால்தான் அங்கே சால்கள் அவ்வளவு நீளம்.

மேழியைப் பிடித்திருந்தவன் டன்னிங், லெயோவிங்கின் அடிமை. தார்க்கோலோடு மாடுகளின் பக்கத்தில் நடக்கிற ஆள் காய்ச்சலில் கிடந்தான். அதனால் கோல் நிலக்காரரான லெயோவிங் கைக்கே வந்துவிட்டது.

"குத்தாதீங்க எசமான், காட்டினாப் போதும். மாட்டுக்கு வேலை தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

"வாயை மூடிட்டு மேழியை அழுத்துடா," என்று சிரித்தார் லெயோவிங். இந்தத் துண்டு நிலத்தோடு வசந்த உழவு முடிகிறது.

அப்போதுதான் ஸ்வெட்மன் உழுத மண்ணின் குறுக்கே குதிரையில் வந்தான். கடல் தாண்டி வந்த புதுப் பிரபுவின் காரியக்காரன். உள்ளூர்க்காரன்தான், ஒரு காலத்தில் லெயோவிங்கின் கூடத்தில் கடைசிப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

"என்ன ஓய், கோல் பிடிக்கிறீரா? அப்ப நீர் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட பண்ணையாள். இனி வாரம் மூணு நாள் பிரபு வயல்ல உழணும். நீரும், உமக்கு அப்புறம் உம்ம பிள்ளைங்களும்."

"என் நிலத்துல நான் கோல் பிடிச்சா உனக்கென்ன? நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்ல. சத்தியம் பண்றேன்."

ஊர் மன்றத்தில் அவருடைய ஒரு சத்தியம் ஆறு உழவர்களின் சத்தியத்துக்குச் சமம். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

"அது பழைய ராஜா காலம். இப்ப உம்ம வாய்க்கு எடை இல்ல. கட்டுப்படாத ஆளுங்க ஆறு பேரைக் கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லும். நான் இங்கேயே நிக்கறேன்."

அக்கம்பக்கத்து ஏர்கள் நின்றன. தன் துண்டை உழுதுகொண்டிருந்த பாதிரியார் ஓடிப்போய் மரச்சிலுவையை எடுத்துவந்தார். உழவர்கள் ஒவ்வொருவராகச் சேற்றுக் கையை அதில் வைத்துச் சத்தியம் செய்தார்கள். ஐந்து பேர். ஆறாவதாக டன்னிங் கையை நீட்டினான்.

"அடிமை சொல்லு கணக்குல இல்ல. தள்ளு," என்றான் ஸ்வெட்மன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. லெயோவிங்கால் அதைப் பார்க்க முடியவில்லை. சொல்லுக்கு எடை இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

வரப்பில் கைகட்டி நின்ற குடிசைக்காரன் டொக்கியும் யாருக்கும் கட்டுப்படாதவன்தான். அவனைக் கூப்பிட்டார்.

"எதுக்கு வரணும்? என் பன்னி உங்க பார்லியில ஒரு வாய் வச்சதுக்கு மூணு நாள் பட்டியில அடைச்சீங்களே!"

"ஒரு வாயா? பாதி வயல்டா!"

"பொல்லாத பன்னிதான், ஒத்துக்கறேன். ஆனா எலும்பா இளைச்சுத் திரும்புச்சு."

"சரி, தப்புதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க. பாதிரியாருக்குக் கேக்கல."

"தப்புதான்!"

டொக்கி கையை இடுப்பில் துடைத்துவிட்டுச் சிலுவையைப் பிடித்தான். "இவர் யாருக்கும் கட்டுப்படாத ஆளு. கஞ்சத்தனமான ஆளு, ஆனா கட்டுப்படாத ஆளு."

ஸ்வெட்மன் குதிரையைத் திருப்பி, வந்த வழியே சால்களை மிதித்துக்கொண்டு போனான்.

லெயோவிங் கோலை வரப்பில் சாய்த்தார். "டன்னிங்கு, விதைப்பு முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை பாதிரியாரோட நாற்சந்திக்குப் போவோம்." அடிமைகளை அங்கே நிறுத்தித்தான், எந்த வழியில் வேண்டுமானாலும் போ என்று விடுதலை சொல்வார்கள்.

டன்னிங் கைச்சேற்றை உரித்துக்கொண்டிருந்தான். "விதைப்பு வரைக்கும் எதுக்கு, எசமான்?"

"சரி. இந்த ஞாயித்துக்கிழமையே."

"அப்ப கோலை எடுங்க."

குதிரை மிதித்துக் கெட்டித்துப்போன சால்களை மறுபடி உழ வேண்டியிருந்தது. டன்னிங் அதே இடத்தில் கொழுவை இறக்கி, இரண்டு கைகளாலும் மேழியை அழுத்தினான்.