தாகமெடுத்த வண்டி

அந்த ஷெட்டில் எந்த வண்டியும் சூடாவதில்லை, தாகம்தான் எடுக்கும். இப்படித்தான் பேச வேண்டுமென்று முதலாளி ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆனால் சூடாகிறது என்று ஒரு டிரைவர் சொல்லிவிட்டால், அந்த பிக்கப் வண்டி பின்சுவரோரம் ஒதுங்கும். சொன்னவன் வீட்டில் ஒதுங்குவான். இதைக் கண்ணாரக் கண்டவர்கள் அந்தச் சொல்லைத் தாங்களாகவே விழுங்கப் பழகிக்கொண்டார்கள். தாகமெடுத்த வண்டிக்குக் குழாயடியில் கேனை நிரப்பி ஊற்றிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் கிளம்பிவிடுவார்கள்.

மெக்கானிக்கும் அப்படியே பேசினான். முதலாளி அவனுக்கு மாமனார். ஷெட்டின் மாடியிலிருந்த இரண்டு அறைகளில்தான் அவன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தான். மாமனார் தயவில் எரியும் அடுப்புக்குக் கீழே நின்றுகொண்டு மாமனாரின் எஞ்சினைக் குறை சொல்ல ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும்.

அன்று காலை வெள்ளை பிக்கப் அவன் முன்னால் நின்றது. சிமெண்ட் மூட்டைகளோடு மலையேற வேண்டிய வண்டி. ஓட்டப் போகிறவன் அவனுடைய சொந்தத் தம்பி. வேலைக்குச் சேர்ந்தபின் தம்பிக்கு இது முதல் மலைச்சவாரி. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னான் மெக்கானிக். எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில் துருவேறிய குழாய்த் தண்ணீர். முதலில் அது சும்மா நடுங்கியது. பிறகு அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. உள்ளே தங்கிய காற்று என்றால் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். இவை ஓயவில்லை. மூடியைப் பூட்டிவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தான். ரப்பர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை, அதற்குள் விறைத்துப் போயிருந்தது.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை அடைத்துப் பிடிக்கும் கேஸ்கெட் போய்விட்டது. சிலிண்டருக்குள் எரிகிற வாயு, தண்ணீர் ஓடும் வழியில் புகுந்து அழுத்துகிறது. ஏற்றத்தில், இத்தனை பாரத்தோடு, ரேடியேட்டர் கொதித்துத் தெறிக்கக் காத்திருக்கும்.

டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் மட்டும் பாதிக்குச் சற்றுக் கீழே சமர்த்தாக நின்றது. அது எப்போதும் அங்கேதான் நிற்கும். முள் ஏறினால் டிரைவர்கள் பயந்து வண்டியை ஓரங்கட்டுகிறார்கள் என்று மாமனாரே ஒருநாள் மீட்டரைப் பிரித்து, ஒரு சொட்டுப் பசையால் அதை அங்கே ஒட்டிவைத்திருந்தார்.

அந்த முள்ளை நம்பியவர் கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்பு இதே வண்டியின் டிரைவர். நடுவழியில் தண்ணீர் ஊற்ற இறங்கியவர், முள்ளைப் பார்த்துவிட்டுத் துணிந்து மூடியைத் திருகினார். கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. தோல் இழுத்துக்கொண்டதில் இப்போது ஒரு கண் மூடாது. உதடும் ஒரு பக்கம் சேராது. மாமனார் அவரை வாட்ச்மேன் ஆக்கினார். யார் கேட்டாலும், "வீட்ல வெந்நி கொட்டிடுச்சு" என்பார் அவர். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோருக்கும் வேறு எங்கோ அவசர வேலை வந்துவிடும்.

மெக்கானிக் மாமனாரிடம் போய் நின்றான்.

"மாமா, வெள்ளை வண்டிக்குத் தாகம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"ஊத்து. தண்ணிக்கா பஞ்சம்?"

"ஊத்தி அடங்குற தாகமாத் தெரியல, மாமா. ஹெட்டைக் கழட்டிப் பாத்துட்டு..."

"மாப்ள," என்றார் மாமனார், குரலை உயர்த்தாமல். "மேல குழந்தை தூங்குதா?"

"தூங்குது, மாமா."

"நிம்மதியாத் தூங்கட்டும். வண்டியை அனுப்பு."

அவன் இரண்டு கேன்களை நிரப்பித் தம்பியின் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

"என்னண்ணே, வண்டிக்குத் தாகம்னு பாத்தா, என்னையும் சேத்துக் குளிப்பாட்டிடுவ போல!"

"வழியில மூடியைத் தொறக்காதடா."

"தொறக்காம எப்படி ஊத்துறது? மூக்கு வழியாவா?"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

"நல்லா ஆறின பிறகு..."

"ஆறிடுச்சான்னுதான் முள்ளு சொல்லுமே. எனக்கென்ன கண்ணு இல்லையா?"

மெக்கானிக் ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். பிக்கப் நகர்ந்து கேட்டருகே போனது.

வாட்ச்மேன் எழுந்து வந்தார். ஜன்னல் வழியே குனிந்து, இருக்கையில் இருந்த கேன்களையே பார்த்தார். கை கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போயிற்று, ஆனால் இழுக்கவில்லை.

"என்ன வாட்ச்மேன் அண்ணே, மாமூல் வேணுமா?" தம்பி நீளமாக ஹார்ன் அடித்தான்.

"கேட்டைத் தொற!" என்று ஆபீஸ் வாசலிலிருந்து கத்தினார் மாமனார்.

வாட்ச்மேன் திறக்கவில்லை. அந்த மூடாத கண்ணைத் திருப்பி மெக்கானிக்கை மட்டும் பார்த்தார். மாடியில் குழந்தை விழித்து வீறிட்டது. மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

மெக்கானிக் நடந்தான். தம்பியின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். பானட்டுக்கு அடியில் தண்ணீர் களகளவென்று புரளும் ஓசை எல்லோருக்கும் கேட்டது.

"வண்டி சூடாகுது," என்றான், ஷெட் முழுவதும் கேட்கும்படி.

டிரைவர்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். மாமனார் படியிறங்கி வந்தார்.

"மாப்ள, தாகம்னு சொல்லு."

"தாகம் இல்ல மாமா, சூடு. அந்த முள்ளு நீங்க ஒட்டிவச்சது. இவர் மூஞ்சியில கொட்டினது வீட்டு வெந்நி இல்ல. இந்த வண்டித் தண்ணி."